கருகிய காருக்கு ஒரு லாரி சுவிட்ச்

அண்ணா,

இன்று காலை நம் வீட்டுத் தீவன ரூமின் ஷட்டரைத் தூக்கியதும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. கருகின வயர், உருகின பிளாஸ்டிக், அதற்குமேல் மக்காச்சோளத் தூசி. காருக்குப் புது பெயிண்ட் அடித்தும் அது போகவில்லை. நீங்கள் காபித் தூளைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தீர்கள், அடுப்புக்கரியைத் துணியில் கட்டி காருக்குள் போட்டீர்கள். கொஞ்ச நாள் தணிந்திருக்கும், மழை ஈரம் பட்டால் திரும்பி வந்துவிடும். இன்றும் வந்தது. இனியாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாமா என்று நின்றேன். இன்றைக்கு பேட்டரி மாட்டி அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதாக என் வீட்டுக்காரர் முடிவு செய்திருந்தார்.

இன்சூரன்ஸ் ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றி நீங்கள் அதைக் கொண்டுவந்து இறக்கிய நாளில் அம்மா கோழிக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, முன்பாதி முழுக்கக் கரி. அம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கச் சொன்னா கரிக்கட்டையப் பாத்துட்டு வந்திருக்கறான்" என்றார். "ஜாதகம் கேக்காத ஒண்ணு கெடச்சுதும்மா, உட்டுருவனா" என்றீர்கள் நீங்கள். முப்பத்தைந்தைத் தொட்டும் பெண் அமையாத வருத்தத்தை இப்படித்தான் எப்போதும் சிரிப்பாக்கிவிடுவீர்கள். அம்மா சிரிக்கவில்லை.

நான் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தேன். வாரம் முழுக்க நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் வேலை உங்களுக்கு, ஞாயிறானால் இந்தக் கார். டிங்கரிங்கெல்லாம் உங்கள் கைக்குப் பழக்கம்தான். வயரிங்குக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"காலேஜ்ல கரண்ட்டுதான படிச்ச? இது எங்க பத்துச்சுன்னு கண்டுபுடி சாமி, பாக்கலாம்."

"எனக்கு எக்ஸாமுக்கு இதெல்லாம் வரலைங்ணா."

"பெயிலாயிட்டன்னு சொல்லு."

தீவனச் சாக்கை விரித்து, அதன்மேல் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தீர்கள். ஒன்றோடொன்று உருகி ஒட்டிய வயர்க்கட்டு என் மடியில். மீட்டரின் ஒரு முனையை நான் பிடிப்பேன், காருக்குள் குனிந்துகொண்டு மறுமுனையை நீங்கள் வைப்பீர்கள். மீட்டர் பீப் என்றால் அந்த வயர் உயிரோடிருக்கிறது. பல இடங்களில் சத்தமே வராது. வயிற்றில் இனியா உதைப்பாள், "அவளுக்குக் கேட்டுருச்சு போல" என்பீர்கள். அம்மா வந்து, "வாயும் வயிறுமா இருக்கறவ மடியில எதைய வெச்சிருக்கறா பாரு" என்று திட்டிவிட்டு, எனக்கு மோரும் உங்களுக்கு முறைப்பும் கொடுத்துவிட்டுப் போவார்.

கடைசிவரை நாம் கண்டுபிடிக்கவில்லை. எலி கடித்திருக்கலாம். பெட்ரோல் ஓஸ் கசிந்திருக்கலாம். முதலில் வைத்திருந்தவர் வெளியே வாங்கி மாட்டிய விளக்காக இருக்கலாம். அவரையே போனில் கேட்டீர்கள். "நிறுத்திட்டு டீ குடிக்கப் போனேங்க, திரும்பிப் பாத்தா எரியுது" என்றாராம். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பழைய வயரில் ஒரு முழம்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் புதிதாக இழுத்தீர்கள். இனியா பிறந்தாள், தவழ்ந்தாள். பெயிண்ட்டும் முடிந்தது. ஆனாலும் நீங்கள் பேட்டரியை மாட்டவில்லை. எதனால் எரிந்தது என்று தெரியாமல் எப்படி மாட்டுவது என்று தள்ளிக்கொண்டே போனீர்கள்.

பிறகு ஒருநாள் லாரிக்குப் போடும் மெயின் சுவிட்சோடு வந்தீர்கள். பெரிய சிவப்புச் சாவி. திருகினால் பேட்டரியின் மொத்தக் கரண்ட்டும் நின்றுவிடும், சாவியும் கையோடு வந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காருக்கு லாரிச் சாமானா என்று நான் சிரித்தேன். இரண்டு சீட்டும் வரவேண்டிய இடங்களுக்கு நடுவே அதைப் பொருத்திவிட்டு, என்னைப் பக்கத்து சீட்டு இருக்கவேண்டிய இடத்தில் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லிக் கை எட்டுகிறதா என்று பார்த்தீர்கள்.

"எதனாலன்னு தெரியலீன்னா, எங்க நிறுத்தறதுன்னாச்சும் தெரியோணும். ஓட்டறவனுக்கு மட்டுமில்ல, பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கும்."

அடுத்த ஞாயிறு பேட்டரி மாட்டலாம் என்றீர்கள். அந்த ஞாயிறு வருவதற்குள், பட்டறையில் டீ டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எதனால் என்று நான் கேட்டேன். பீடி இல்லை, குடி இல்லை, சர்க்கரை இல்லை. "சில பேருக்கு இப்படி ஆயிடுதுங்க" என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்றிலிருந்து எனக்கு நிலையில்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பேன், போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி பார்ப்பேன். உங்கள் பட்டறைக்காரர்கள் மட்டும் யாரும் கேட்காமலே, லாரி சீட் தைக்கிற ரெக்ஸினில் மஞ்சள் ஓரம் வைத்துக் காருக்கு இரண்டு சீட்டு தைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

போன மாதம் காய்ச்சலில் இனியாவுக்கு வலிப்பு வந்தது, அண்ணா. என் மடியிலேயே. கண் மேலே சொருகி, கை வெட்டி வெட்டி இழுத்தது. பயப்படவேண்டாம், வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள். என் பிள்ளைக்கு ஏன் என்றால் பதில் இல்லை. நீண்டுகொண்டே போனால் மூக்கில் அடிக்கச் சொல்லி ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அது என் கைப்பையை விட்டு இறங்குவதில்லை. இதோ, இந்த வரிக்கு நடுவிலும் எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சூடில்லை.

இன்று காலை என் வீட்டுக்காரர் ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். இனியா அம்மாவின் இடுப்பில், வேப்பமரத்தடியில். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாம் தடவை பிடித்தது. பிடித்த வேகத்தில் முன்பக்கமிருந்து மெல்லிதாகப் புகை. என் கை எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. சிவப்புச் சாவியைத் திருகிவிட்டேன்.

"தூசிதான் எரியுது கண்ணு" என்றார் அவர்.

"இருக்கட்டுமுங்க."

இறங்கி, பானெட்டைத் தூக்கி, ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தேன். சூடில்லை. மறுபடி ஏறினோம். மறுபடி நிறுத்தினேன். அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் முறை கை சாவியின்மேலேயே இருந்தது, ஆனால் திருகவில்லை. தீவன ரூமிலிருந்து கேட்டு வரைக்கும் போனோம், அண்ணா. கோழிகளெல்லாம் ஒரே கத்தல்.

கேட்டருகே இனியா கை நீட்டினாள். "மாமா காரு. நானு."

அம்மா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்ற சொல் என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. காரணம் ஒன்றும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை. எரிந்ததற்கும் தெரியாது, நீங்கள் போனதற்கும், இவளுக்கு இழுத்ததற்கும். கதவைத் திறந்து அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கை அவள் வயிற்றைச் சுற்றி, ஒரு கை சாவியில். கேட்டிலிருந்து தீவன ரூம் வரை மெதுவாகத் திரும்பி வந்தோம்.

நின்றதும் சாவியைத் திருகி எடுத்தேன். அதை டேஷ்போர்டில் வைக்க மனம் வரவில்லை. கைப்பையில், இனியாவின் மருந்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பையைத் தூக்கினால் இரண்டும் முட்டிக்கொண்டு சத்தம் வருகிறது.