போய்ப் பார்க்காமல் போட்ட டிக்

மார்ச் 4, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து மிரண்டுவிடாதே, பேனா பிடித்துப் பல வருடமாகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். மனநல ஆலோசகர் அம்மாவின் யோசனை. "போன்ல 'நல்லா இருக்கேன்'னு ரெண்டு வார்த்தையில தப்பிச்சிடுவீங்க. கையால எழுதினா அவ்வளவு லேசுல தப்பிக்க முடியாது. வாரம் ஒண்ணு அக்காவுக்கு எழுதுங்க. நீங்களே நடந்து போய்ப் போடுங்க" என்றார். தபால்பெட்டிக்கு இருபது நிமிட நடை.

உன் கோபம் இன்னும் தீரவில்லை என்று தெரியும். மருந்துக்கடை வைத்திருப்பவளின் தம்பிக்கு மாத்திரை வேண்டாமாம்! ஆனால் நானாக நிறுத்தவில்லை அக்கா. அதைச் சாப்பிட்ட நாட்களில் லிஃப்ட் குழிக்குள் ஸ்பானரும் கையுமாக நிற்கும்போதே கண் செருகியது. டாக்டரிடம் சொன்னேன். அவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். "மூணு மாசம் இல்லாம பாப்போம். ஆலோசகர்கிட்ட தவறாம போகணும். மோசமானா மறைக்கக் கூடாது" என்பது அவருடைய கண்டிப்பு.

லிஃப்ட் மோட்டார் அறையில் பராமரிப்பு அட்டை ஒன்று தொங்கும். பிரேக் பார்த்தேன், கம்பிவடம் பார்த்தேன் என்று ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். அதே மாதிரி எனக்கும் ஒன்று செய்து குளியலறைக் கதவில் மாட்டியிருக்கிறேன். எழுந்தேன், குளித்தேன், வெளிச்சத்தில் நடந்தேன், ஓர் ஆளிடம் பேசினேன். நான்கு கட்டம். இன்று நான்கிலும் டிக். பேசிய ஆள் கீழ்வீட்டுத் தையல்காரர். விஷயம், என் சட்டைப் பட்டன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 7

என் அருமைத் தம்பிக்கு,

உன் கோழிக்கிறுக்கலைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். பரவாயில்லை.

ஊரையே ஏற்றி இறக்குகிறவன், கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்று ஐந்து வாரம் கிடந்தாயே, அதைக் கண்ணால் பார்த்தவள் நான். சோறு ஊட்டப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். என் பயம் அங்கேதான் இருக்கிறது. மாத்திரையால் எழுந்து நடமாடுகிறவர்களைத் தினமும் கடையில் பார்க்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டரே சொல்லும்போது நான் யார் குறுக்கே நிற்க? மூன்று மாதம் பொறுக்கிறேன்.

ஒரே நிபந்தனை. வாராவாரம் கடிதம் வர வேண்டும். ஒரு வாரம் வராவிட்டாலும் கடையைச் சாத்திவிட்டு வந்து, உன்னை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன்
அக்கா


மார்ச் 25, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த வாரமும் நன்றாகவே போனது. நல்ல வெயில். தினமும் நடக்கிறேன். வேலையில் குறையில்லை. அட்டையில் எல்லாக் கட்டத்திலும் டிக். நீ கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 28

தம்பி,

உன் கடைசி மூன்று கடிதங்களையும் கடை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றிலும் வலது மூலையில் டம்ளர் வைத்த வட்டக் கறை. முதலாவதில் கருப்பாக, அடுத்ததில் மங்கலாக, மூன்றாவதில் நிழல் மாதிரி. ஒரே இடம், ஒரே அளவு. ஒரே நாளில் எழுதி அடுக்கிவைத்து மேலே தேநீரை வைத்திருக்கிறாய். இருபது வருடமாக மருந்து டப்பாவில் தேதி பார்க்கிறவளிடமே ஒரே பேட்ச் சரக்கை மூன்று தேதி போட்டு அனுப்புகிறாயா?

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அங்கே வந்திருந்தபோது வாங்கிவைத்த நம்பரில் தையல்காரரைக் கூப்பிட்டேன். "காலையில பாத்தேம்மா, பால் வாங்கிட்டு வந்தாரு" என்றார். அதனால்தான் பஸ் ஏறாமல் பேனாவை எடுத்தேன். மிச்சத்தையும் அந்த நல்ல மனிதரே உளறிவிட்டார். திங்கள்கிழமைக்கு ஒன்றாகப் போடச் சொல்லி நான்கு கொடுத்தாயாமே, இன்னும் ஒன்று அவர் கைவசம் இருக்கிறதாமே!

போய்ப் பார்க்காமல் அட்டையில் டிக் போடுகிறவனைப் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது, அவனால் ஆள் சாவான் என்று நீதானே குதிப்பாய்? இந்த லிஃப்டுக்குள் நின்றது யாருடா? நீயேதானே? எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. செவ்வாய்க்குள் உண்மை வரவில்லை என்றால் நான் வருவேன்.

அக்கா


மார்ச் 30, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் உண்மை. உன் நிபந்தனை வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மனம் தெளிவாக இருந்தது. மோசமான வாரம் ஒன்று வந்தால் என்னால் எழுத முடியாது, எழுதாவிட்டால் நீ வந்து நிற்பாய் என்று பயந்து, நான்கையும் அன்றே எழுதிவிட்டேன்.

நினைத்தபடியே வந்தது. பதினான்காம் தேதியிலிருந்து நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. வேலைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பு கிடந்தது. காலை அதற்குள் நுழைக்கத் தெம்பில்லை. திங்கள்கிழமை தையல்காரர் கதவைத் தட்டினார். "ரெண்டாவது லெட்டரப் போடப் போறேன். சும்மா கூட வாங்களேன், பேச்சுத்துணைக்கு" என்றார். கசங்கிய சட்டையோடு போனேன். நான் நன்றாக இருப்பதாகச் சொல்லும் என் கடிதம் பெட்டிக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா, அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த நடைக்குப் பிறகுதான் குளித்தேன். மறுநாள் வேலைக்கும் போனேன்.

இன்று காலை உன் கடிதம் வந்ததும் நேராக டாக்டரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். இனி வாரா வாரம் வரச் சொல்லிவிட்டார். இப்போதைக்கு இப்படியே போகலாம், மறுபடி சரிந்தால் தூக்கம் தராத வேறு மாத்திரை இருக்கிறது, அதைத் தோல்வி என்று நினைக்கக் கூடாது என்றார். சரி என்று தலையாட்டினேன். மனதாரத்தான்.

அட்டையில் அந்த நான்கு நாள் கட்டங்களைக் காலியாகவே விட்டிருக்கிறேன். நான்காவது கடிதத்தைத் தையல்காரரிடமிருந்து வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டு. இதை நானே போட்டேன்.

தம்பி


ஏப்ரல் 3

என் ராசாவுக்கு,

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ சொன்ன பொய்யில் பாதி என்னுடையது. கடிதம் வராவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போவேன் என்று மிரட்டினால் எவன்தான் எழுதிக் குவிக்க மாட்டான்?

நிபந்தனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நல்ல செய்தி வேண்டாம். ஒரு வரி போதும், தேதி மட்டும் உண்மையாக இருக்கட்டும். முடியாத வாரம் எழுதாதே. நான் வந்து குதிக்க மாட்டேன், தையல்காரரைக் கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் மட்டும் வருவேன்.

நானும் காலையில் நடக்க ஆரம்பித்திருக்கிறேன். முட்டி உன்னைத்தான் திட்டுகிறது.

உன்
அக்கா


ஏப்ரல் 22, திங்கள்

அக்கா,

இன்று மோசம். குளிக்கவில்லை. பேசிய ஆள் டாக்டர் மட்டும். போன் செய்து சொல்லிவிட்டேன், நாளை காலை வரச் சொன்னார்.

ஆனால் எழுந்தேன். நடந்தேன். தபால்பெட்டி மேலேயே வைத்து இதை எழுதுகிறேன். மூலையில் இருக்கும் கறை டம்ளர் இல்லை, மழை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா? பயந்து வராதே. சும்மா வா.

தம்பி