கே என்றால் கட்டை

சுங்கை சிப்புட்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. முனீஸ்வரர் காவலில் நானும் அப்பாவும் சுகம். சிங்கப்பூரில் உன்னையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உன் நாய் கோப்பி மயங்கி விழுந்தபோது அங்கே இருந்தவர்கள்: நான், அப்பா, எதிர்வீட்டு டோரிஸ் அக்கா, அவர் வீட்டுக்காரர் டொமினிக் அண்ணன். நான்கே பேர். வேறு யார் வேறு மாதிரி சொன்னாலும் நம்பாதே. கோப்பி உயிரோடுதான் இருக்கிறது. போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை காலை, எட்டரை மணி வெயில். அப்பா கோப்பியை நடத்திக் கூட்டி வந்தார். கேட்டுக்குள் நுழைந்ததுமே அதன் முன்னங்கால் மடிந்தது. நாக்கு நாவற்பழம் தின்ற நிறம். அந்தச் சப்பை மூக்கிலிருந்து தகரம் உரசுகிற மாதிரி சத்தம். டோரிஸ் அக்கா ஓடி வந்து, பார்த்துக்கிட்டு நிக்கிறியே கலா, தண்ணிய ஊத்து லா என்று கத்திய பிறகுதான் எனக்குக் கை ஓடியது. டொமினிக் அண்ணன் காரில் ஈப்போ மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் முருகா முருகா என்றே வந்தேன்.

இந்த மூக்குள்ள நாயை வெயிலில் எவ்வளவு தூரம் நடத்தினீர்கள் என்று டாக்டரம்மா மலாயில் கேட்டார். போக வர நாலு கட்டை என்றார் அப்பா. நாலு மைலா, ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறதே, யார் இப்படி முடிவு செய்தது என்றார். நான்தான் என்றார் அப்பா.

அவர் இல்லை, தினேசு. நீ இங்கிலீஷில் அனுப்பிய கோப்பியின் நடை அட்டவணையை அவருக்கு வாசித்துச் சொன்னது நான். 2K என்று போட்டிருந்தாய். நானாகக் கற்ற இங்கிலீஷ்தானே. கே என்றால் கிலோமீட்டர் என்று தெரியாமல் கட்டை என்று நினைத்துவிட்டேன். நம் கோயில் இரண்டாம் கட்டையில் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் தூரம் என்றால் போகிற தூரம்தான், திரும்புவதை யார் எண்ணினார்கள்? கணக்கு நோட்டில் 'கோப்பி, காலை, கோயில் வரை' என்று எழுதி ஒன்பது நாளும் டிக் போட்டேன். நாலாம் நாளே அப்பா, ரொம்ப மூச்சு வாங்குது, பாதியிலேயே திரும்பட்டுமா என்று கேட்டார். படிச்ச பிள்ளை எழுதியிருக்கு, குறைக்காதீங்க என்றேன்.

டாக்டர் முன்னால் நான் வாய் திறக்கவில்லை. காரிலும் இல்லை. இதுவரைக்கும் இல்லை. அப்பாவும் கேட்கவில்லை.

கோப்பி தூங்கும்போது நிமிடத்துக்கு முப்பது மூச்சைத் தாண்டக் கூடாதாம். அதே நோட்டில் இப்போது மூச்சு எழுதுகிறேன். செவ்வாய் நாற்பத்தொன்று, புதன் முப்பத்தாறு, இன்று முப்பத்துமூன்று. முப்பதுக்குள் வந்ததும், வெயிலுக்கு முன்னால், கழுத்துப் பட்டை இல்லாமல் நெஞ்சுப் பட்டை போட்டு, பத்தே நிமிடம் நிழலில் நடத்த வேண்டும். நடத்தாமல் விட்டாலும் எடை ஏறி மூச்சு அடைக்குமாம்.

யார் நடத்துவது? நேற்று நெஞ்சுப் பட்டையை மாட்டிப் பழக்கலாம் என்று கூப்பிட்டேன். எழுந்து போய் அப்பா செருப்பின் மேல் படுத்துக்கொண்டது. அவரோ கயிற்றை அலமாரி மேல் எறிந்துவிட்டார். என் கையில இருந்தா செத்துரும் மச்சான், ஒன் தம்பி கொண்டு போகட்டும் என்று டொமினிக் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி ஞாயிறு காலை கோலா கங்சாரிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வருகிறார். அப்பா மூன்று நாளாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்.

நீ அப்பாவுக்கே எழுது. தமிழில் எழுது, அவரே வாசிக்கட்டும். கே போடாதே, நிமிடம் போடு. கோப்பியை நீங்கதான் நடத்தணும்பா என்று ஒரு வரி சேர்த்துக்கொள். தப்பாக வாசித்தது யார் என்பதை நீ எழுத வேண்டாம். அதை நான் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறுக்கு முன்னால் எனக்கு அந்த வாய் வர, நீயும் ஒரு விளக்கு ஏற்று.

நீ நல்லா இருக்கணும். சனிக்கிழமைக்குள் பதில் போட்டுவிடு.

அம்மா
கலாதேவி