இருள்கரை நிலையத்தின் இரண்டு முடிவுகள்

யார்க்டன், சஸ்காச்சுவான்
1996 பிப்ரவரி 17

அன்புள்ள ஆர்லோ,

நான் நலம். நீங்களும் அங்கே பனியில் புதையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்துடன் இந்த வாரக் கேசட். விளம்பரம் வந்தபோதெல்லாம் பதிவை நிறுத்தி நிறுத்தி எடுத்ததில் ஓரிடத்தில் அரை வசனம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் சூப் பொங்கியது. தவறு சூப்புடையது, என்னுடையது அல்ல.

‘இருள்கரை நிலையம்’ தொடரை எழுதுகிறவர்கள் நம்மையெல்லாம் என்னவென்று நினைத்தார்கள்? சூரியனை விட்டு எவ்வளவோ தூரத்தில் அந்தரத்தில் தொங்குகிற நிலையம். காற்று தீரப்போகிறது என்று போன வாரம் அத்தனை பேரும் மூச்சுக்குத் தவித்தார்கள். இந்த வாரம் கேப்டன் ராஸ்க் தன் பிறந்தநாள் கேக்கில் ஐம்பது மெழுகுவத்தி ஏற்றுகிறார்! காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? அங்கே உருப்படியாக வேலை பார்க்கிற ஒரே ஆள் பொறியாளர் நோலாதான்.

தபால் நிலையத்து டார்லீன் போன வாரமும் என்னை விடவில்லை.

“ஆறு வருஷமா வாராவாரம் இந்த ஆளுக்குப் பார்சல் கட்டுறியே ஐரீன், அந்த ஊர்ல டிவியே கிடையாதா?”

“டிவி இருக்கு. அங்கத்து ஸ்டேஷன்காரன் நம்ம தொடரைத் தூக்கிட்டு பௌலிங் போட்டி காட்டுறான்.”

“அப்ப அவரையே இங்க வந்து பாக்கச் சொல்லு. தபால்தலை மிச்சம்.”

அவளுக்கு வாய் நீளம். நான் கண்டுகொள்ளவில்லை.

இன்னும் நான்கே வாரம். தொடர் முடிகிறது என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அன்புடன்,
ஐரீன் ஹவ்ரிலுக்


மைனாட், வடக்கு டகோட்டா
பிப்ரவரி 26

அன்புள்ள ஐரீன்,

கேசட் வந்தது. மூன்று நாளாக நெடுஞ்சாலையில் பனி வழித்துவிட்டு இன்றுதான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மெழுகுவத்தியைச் சொன்னீர்கள், கேக்கை விட்டுவிட்டீர்களே! நான்காம் வருடத்திலிருந்து அவர்கள் பாசியைத்தான் தின்கிறார்கள். மாவும் முட்டையும் எங்கிருந்து வந்தன? கோழி வளர்க்கிறார்களா? ஓட்டை கண்டுபிடிப்பதில் இந்த வாரம் எனக்குத்தான் வெற்றி.

முடிவாவது ஒழுங்காக அமையவேண்டும் ஐரீன். உங்களுக்கு முன்னால் ஃபார்கோவில் வெர்ன் என்றொருவரோடு ஒன்பது வருடம் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அது வேறு தொடர். கடைசி நாளில் அதைச் சொதப்பினார்கள். ஆளுக்கொரு கடிதம் திட்டி எழுதினோம். அதன் பிறகு எழுத எங்களிடம் என்ன இருந்தது? ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது, அடுத்த வருடம் அதுவும் வரவில்லை. இன்றுவரை அவர் மனைவியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

போகட்டும். முடிவைக் கடிதத்தில் உளறிவிடாதீர்கள். கேசட் வரட்டும், நானே பார்க்கிறேன்.

உங்கள்
ஆர்லோ தோர்ஸன்


யார்க்டன்
மார்ச் 16

அன்புள்ள ஆர்லோ,

கெட்ட செய்தி. வியாழனன்று கடைசி அத்தியாயத்தைப் பதிவு செய்தேன். வெள்ளியன்று சரிபார்க்கப் போட்டபோது இயந்திரம் கேசட்டை மென்று விழுங்கிவிட்டது. நாடா முழுவதும் இடியாப்பமாக வெளியே வந்தது. என்னை மன்னியுங்கள். சொல்லாதே என்றீர்கள், வேறு வழியில்லாமல் சொல்கிறேன்.

நல்ல முடிவு ஆர்லோ. மிக நல்ல முடிவு. ஆறு வருடமாகக் கேப்டன் தேடிய அந்தக் கப்பல் தானாகவே நிலையத்துக்கு வந்து சேர்கிறது. உள்ளே அவர் மனைவி இருக்கிறாள், உயிரோடு, நரைத்த தலையோடு. நிலையத்தில் மின்சாரம் இல்லை, வெளிக்கதவு திறக்கவில்லை. நோலா ஓடிவந்து அவசரக் கதவில் தன் உள்ளங்கையை வைக்கிறாள். கதவு திறக்கிறது. கேப்டனும் மனைவியும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. அவள், “சாப்டீங்களா?” என்று கேட்கிறாள். அவ்வளவுதான். பிறகு எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள். நாம் பார்க்காவிட்டாலும் நிலையம் நடந்துகொண்டுதான் இருக்கும் என்று தோன்றியது.

இங்கே பனித்தரையில் கல் தள்ளும் கர்லிங் அரங்கத்தில் போட்டி மும்முரம். சமையலறையில் நேற்று நானூறு பெரோகிக் கொழுக்கட்டை பிடித்தேன், முதுகு போய்விட்டது.

அன்புடன்,
ஐரீன்


மைனாட்
மார்ச் 27

அன்புள்ள ஐரீன்,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். “சாப்டீங்களா?” என்ற இடத்தை நான்கு முறையும் வாய்விட்டுப் படித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நோலாவின் கை. அவசரக் கதவுக்கு வலது உள்ளங்கையின் ரேகைதான் தெரியும். நோலாவின் வலது கை இரண்டாம் வருடமே போய்விட்டது. இரும்புக் கை பொருத்தியிருக்கிறாள். ஒரு முழு அத்தியாயம் அவள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று தவித்தாளே! அதைப் பற்றி நீங்களே எனக்கு ஏழு பக்கம் எழுதினீர்கள்.

இப்படி ஒரு ஓட்டை விடக்கூடியவர்கள்தான் அவர்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் விட்டிருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா? யார்க்டனில் நீங்கள் போட்ட கூச்சல் மைனாட்டில் கேட்டிருக்கும். இந்தக் கடிதத்தில் ஒரு வரித் திட்டு இல்லை. ஆறு வருடத்தில் ஒரு வரித் திட்டுகூட இல்லாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இதுதான்.

அந்த முடிவை எழுதியது நீங்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஏன் ஐரீன்? கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஆர்லோ


யார்க்டன்
ஏப்ரல் 4

அன்புள்ள ஆர்லோ,

வெட்கத்தில் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இயந்திரம் எதையும் விழுங்கவில்லை. கேசட் முழுசாக என் மேசைமேல் இருக்கிறது.

உண்மையான முடிவைக் கேளுங்கள். எல்லாமே கேப்டனின் கனவாம். முதல் அத்தியாயத்தில் ஒரு விபத்து நடந்ததே, அதில் அடிபட்டு நினைவில்லாமல் படுத்திருக்கிறாராம். நிலையம் இல்லை, நோலா இல்லை, தேடல் இல்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்க்கிறார், பெயர்கள் ஓட ஆரம்பிக்கின்றன. ஆறு வருடம் ஆர்லோ! கேப்டன் கனவு காண்கிறார் என்றால், அவர் இல்லாத அறையில் நடந்ததையெல்லாம் யார் பார்த்தது? நோலா தனியாக உட்கார்ந்து அழுதாளே, அது யாருடைய கனவு? டிவியின் மேல் செருப்பை எறிந்தேன். செருப்புக்குச் சேதமில்லை.

அப்போதுதான் உங்கள் வெர்ன் நினைவுக்கு வந்தார். இதைப் பார்த்தால் நீங்கள் ஒரு கடிதம் திட்டி எழுதுவீர்கள், நானும் ஒன்று எழுதுவேன், பிறகு ஒரு வாழ்த்து அட்டை வரும், பிறகு அதுவும் வராது. எனக்கு அது பயமாக இருந்தது. என் கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது. என்னைச் சிரிக்க வைக்கிற ஒரே ஆள் எல்லைக்கு அந்தப் பக்கம் பனி வழித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கடிதம் நின்றுபோவதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் கதை முடிந்துபோகாத மாதிரி ஒரு முடிவு எழுதினேன், அதையும் சொதப்பினேன்.

கேசட்டை இத்துடன் அனுப்பவில்லை. வேண்டுமென்றால் எழுதுங்கள்.

ஐரீன்


மைனாட்
ஏப்ரல் 14

அன்புள்ள ஐரீன்,

கேசட் வேண்டாம். இப்போது என் முறை.

எங்கள் ஊர் ஸ்டேஷன் தொடரை மறுபடி போட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. பனி வண்டியில் என்னோடு வருகிற கஸ் என்பவன்தான் முதலில் ஓடிவந்து சொன்னான். “ஏய் ஆர்லோ, உன் நிலையம் திரும்ப வந்துடுச்சுடா! இனி அந்தம்மாவுக்குத் தொல்லை இல்ல!” வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டு என்றேன்.

உங்களிடம் சொன்னால் கேசட் நின்றுவிடும். கேசட் நின்றால் அதோடு வருகிற கடிதத்துக்கு என்ன காரணம் சொல்வீர்கள்? அதனால் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூட நான் டிவியைப் போட்டதில்லை, சத்தியமாக. அந்த நேரத்தில் வெளியே போய் எதையாவது கழுவிக்கொண்டிருப்பேன். உங்கள் கேசட்டில் பார்த்தால்தான் எனக்குப் பார்த்த மாதிரி. கடைசி அத்தியாயத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மறுநாள் கஸ் சொல்ல வந்தான், துரத்திவிட்டேன்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. ஆறு வருடமாக நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம், பனி வேலை, வர முடியவில்லை என்று எழுதினேன். ஜூலை மாதத்தில் ஏது பனி? எந்த ஓட்டையையும் விடாத நீங்கள் இதை எப்படி விட்டீர்கள்? நேரில் பார்த்தால் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான். எனக்கு அறுபத்திரண்டு வயது, ஒரு காது சரியாகக் கேட்காது, பேச்சு வராது. எழுதும்போது இருக்கிற ஆள் நேரில் இல்லை.

ஐந்து மணி நேரப் பயணம் என்று வரைபடம் சொல்கிறது. மே நான்காம் தேதி, சனிக்கிழமை, வரட்டுமா?

ஆர்லோ


யார்க்டன்
ஏப்ரல் 23

அன்புள்ள ஆர்லோ,

இரண்டு வருடம்! சூப்பைப் பொங்கவிட்டுப் பொங்கவிட்டு நான் பதிவு செய்த இரண்டு வருடம்! உங்களைத் திட்ட என்னிடம் பத்துப் பக்கம் இருக்கிறது. அதை எழுதப்போவதில்லை. நேரில் திட்டுகிறேன், நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து.

ஜூலையின் ஓட்டை முதல் வருடமே என் கண்ணில் பட்டது. கேட்டால் எழுதுவதையும் நிறுத்திவிடுவீர்களோ என்று கேட்கவில்லை.

பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

வாருங்கள். எல்லைச் சாவடியில் எதற்காகக் கனடா போகிறீர்கள் என்று கேட்பார்கள். மீன் பிடிக்க, சொந்தக்காரர் வீட்டுக்கு என்று கதை எதுவும் கட்டாதீர்கள், உங்களுக்கு அது வராது. ஐரீனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள், போதும்.

ஐரீன்