தோள் என்றே சொல்லிக்கொள்வோம்

அன்புள்ள பொய்யனுக்கு,

கேஸ்பர் ஊரில் உன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தோட்டா தேர்ந்தெடுத்து எழுதியிருக்கிறாய். சின்ன 338 போதுமாம், பெரிய 375 உதைத்துத் தோளை உடைத்துவிடுமாம்.

டாக்டர் கத்தி வைத்தது வலது தோளில் இல்லை, அதற்கு ஒரு சாண் கீழே. ஆனாலும் தோள் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஜூன் போட்டியில் நான் சுட்ட ஐந்தும் குறிவைத்த இரும்புத் தகட்டுக்குக் கீழே மண்ணில் விழுந்தன. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த நீ, "கீழே, கீழே" என்றாயே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த வெண்டெல்தான் சிரித்தான். "என்னக்கா, வீட்டுக்காரர் மருந்து போட மறந்துட்டாரா?"

மறக்கவில்லை. மிச்சத் தோட்டாக்களைப் பிரித்து எடைபோட்டேன். உதை குறையட்டும் என்று, எனக்குத் தெரியாமல் ஒவ்வொன்றிலும் வெடிமருந்தைக் குறைத்திருந்தாய். "ஏன்டா?" என்று கேட்டேன். உன் வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாய்.

375-தான் சுடுவேன். இரண்டு மைல் தூரத்தில் சின்னக் குண்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று எனக்குச் சொன்னவனே நீதான். இந்த முறை சமையல் மேசையில் மருந்தை நானே அளந்தேன், முழுசாக. இடது தோளில் வைத்துச் சுடவும் பழகிவிட்டேன். பார்த்துச் சொல்ல ஆளில்லாததால் நேற்று தகடுவரை நானே வண்டி ஓட்டிப் போனேன். என் குண்டு பட்டுப் பெயிண்ட் உதிர்ந்த வட்டத்துக்குள் என் விரல் வைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை போட்டி. இரக்கப்படுவதானால் வராதே. காற்றை உள்ளபடி சொல்வதானால் வா, உன் பாயும் என் வண்டியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் இடதுகைக்காரி