பென்சில் வட்டம்

22.6.2009, திங்கள்
ஜெரூஷா அக்கா ஐந்து மாதமாகக் காத்திருந்த கவர் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டது. உள்ளே பிளாஸ்மிட் என்கிற துளி டி.என்.ஏ. இருக்கிறதாம். அதைப் பாக்டீரியாவுக்குள் விட்டால் பாக்டீரியா ஒரு சிவப்புப் புரதம் செய்யும். ஒரு வெளிச்சத்தில் ஒளிரும், இன்னொன்றில் அணையும். "சுவிட்ச் போட்ட மாதிரி, ஃபாயிசா!" ஜூலைக்குள் அதைக் காட்டினால்தான் அக்காவை லேபில் வைத்துக்கொள்வார்கள். குழாய் கழுவுகிற எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன்.

23.6.2009
அக்காவின் மேசையை நான் துடைக்கும்போது ப்ளீச் தண்ணீர் கொட்டிவிட்டது. கவர் பக்கத்தில் ஒரு துண்டு ஃபில்டர் பேப்பர் கிடந்தது. சிந்தினால் அதை வைத்துத்தான் ஒற்றுவோம். ஒற்றினேன். அப்புறம்தான் பார்த்தேன் — பென்சிலால் ஒரு சின்ன வட்டம்.

பிளாஸ்மிட் பாட்டிலில் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். என்னோடு கழுவுகிற தனக்கோடி அக்காவிடம் கேட்டேன்.

"காயிதத்துல ஒரு சொட்டு வுட்டு காய வெச்சி, சுத்தி பென்சில்ல கோடு போட்டு அனுப்புவாங்கோ. இன்னாத்துக்கு கேக்குற?"

"சும்மா."

ஃபேனுக்கு அடியில் காயவைத்துக் கவருக்குள் வைத்துவிட்டேன். கோடு அழியவே இல்லை. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

26.6.2009
அக்கா அந்த வட்டத்தை வெட்டி, பிளாஸ்மிட் இறங்க ஊறவைத்தார். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே.

10.7.2009
நாலாவது தடவையும் தட்டில் பாக்டீரியா ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி கேட்டு எழுதட்டுமா என்று அக்கா கேட்டதற்கு லேபின் தலைவர் ராஜகோபாலன் சார், "அனுப்பினவங்க மேல தப்பு சொல்றியா? உன் கை சரியில்லம்மா" என்றார். எல்லார் முன்னாலும். அக்கா சாரி சார் என்றார்.

அந்தத் தட்டுகளை நான்தான் கழுவினேன், எதையும் மிச்சம் வைக்காத அதே ப்ளீச்சில். சொல்லிடு, சொல்லிடு — வாய் வர மாட்டேங்குதே. எழுந்து வாசி என்று சொல்வார்களே என்ற பயத்தில்தானே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

31.7.2009
அக்காவுக்கு இன்று கடைசி நாள். "எனக்கு இந்த வேலைக்குக் கை வரல தனக்கோடி" என்று சிரித்தார். என்னிடம் "வரட்டுமா?" என்றார். தலையாட்டினேன்.

5.8.2009
ஜெரூஷா அக்கா வீடு எங்கே என்று தனக்கோடி அக்காவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

9.8.2009, ஞாயிறு
அஸ்தினாபுரத்தில் ஜெரூஷா அக்கா வீட்டுக்குப் போனேன். சர்ச்சிலிருந்து அக்கா வரும்வரை கேட்டருகே நின்றேன். "அக்கா அந்தப் பேப்பர நான்தான் நனச்சேன் ப்ளீச்சுல" — ஒரே மூச்சில்.

திட்டவில்லை. "அப்போ என் கை இல்லையா?" என்றார். திரும்பவும் அதையே கேட்டார். பிறகு சாருக்குப் போன் போட்டு, "நீயே சொல்லு" என்று என்னிடம் நீட்டினார்.

சொன்னேன்.

14.8.2009, வெள்ளி
ஜெரூஷா அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். வேறு பேப்பர் கேட்டு எழுதியிருக்கிறாராம். தனக்கோடி அக்கா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவோடு பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பக்கத்து வீட்டு லோகநாயகி அக்கா, "இன்னாடி, வேலைக்குப் போவல?" என்றார்.

"நிறுத்திட்டாங்கக்கா" என்றேன். அவர் கேட்காமலேயே ஏன் என்றும் சொன்னேன்.