கவிழ்த்த தக்காளிப் பெட்டி

அன்புத் தங்கச்சிக்கு,

சந்தோஷம் தாங்காமல் எழுதுகிறேன்! இன்று ஆள் குறைந்ததால், கிடங்கில் தக்காளி தரம் பிரிக்க நானே மேசையருகே நின்றேன். பதினோரு மணிக்கே இடுப்பு விட்டுப்போனது. காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன்.

"முதலாளியம்மாவே உக்காந்தாச்சு, நமக்கென்னடி?" என்று உன் கூட்டாளி கத்தினாள். அத்தனை பேரும் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள்!

நீ பெஞ்சு கேட்டபோது, உட்கார்ந்தால் கை ஓடாது என்றேன். நீயும் வேலையை உதறிவிட்டுப் போனாய். இன்று லாரி வருவதற்குள் வேலை முடிந்தது. ஓர் அழுகல்கூடத் தப்பவில்லை.

எல்லாருக்கும் பெஞ்சு செய்யச் சொல்லிவிட்டேன். எவ்வளவு உயரம் என்று தச்சர் கேட்கிறார். ஆறு வருஷம் நாள்கூலிக்கு நின்ற உன் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

நாளைக் காலை பஸ்ஸில் வா. கோபத்தையும் கூட்டிக்கொண்டு வா, அதற்கும் இடம் போடுகிறேன்.

உன் கல்நெஞ்சுக்கார அக்கா