கழுத்தை மறைக்காத படம்

என் அருமை அண்ணி,

நேற்று உங்களுக்கு முதல் வருஷத் தெவசம். வடையில் உப்பு கொஞ்சம் தூக்கல். சுட்டது நான்தான், திட்ட ஆளில்லை என்ற தைரியம். ஆனால் எழுத வந்தது வடையைப் பற்றி அல்ல. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் குரலைக் கேட்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும். மூலக்குளத்தில் நம் பெயின்ட் கடையில் நின்று நீங்கள் ஒரு குரல் கொடுத்தால், ரோட்டு ஹாரனையெல்லாம் தாண்டி எதிர் டீக்கடையில் இருக்கும் அண்ணனுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். அதன் பிறகு பெயின்ட் டின்னைத் தட்டித்தான் பேசினீர்கள். கோபத் தட்டு எது, சிரிப்புத் தட்டு எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

கடைக்குப் பின்னால் திரும்பி வந்த டின்கள் கிடக்கும். வாங்க வருகிறவர்கள் ஷேடு கார்டில் நிறத்தைப் பார்த்துக் கலக்கச் சொல்வார்கள், சுவரில் அடித்ததும் பிடிக்காது. கலந்த பெயின்ட்டைக் கம்பெனியும் திரும்ப எடுக்காது. அந்த டின்களைத்தான் நீங்கள் திறந்தீர்கள். “இன்னாடி இது, வூடா சர்க்கஸ் கூடாரமா?” என்று ஒதியம்பட்டில் ஒரு மாமியார் திருப்பி அனுப்பிய ஆரஞ்சு இருந்ததே, அது உங்களுக்கு உயிர். ப்ளைவுட் துண்டுகளில் விரலாலேயே இழுத்தீர்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். டின்னை ஒரு தட்டு தட்டினீர்கள். அது “போடி” என்ற தட்டு.

இருந்ததிலேயே பெரிய பலகையில் உங்களையே வரைந்தீர்கள். வாய் மூடியிருக்கிறது. கழுத்துத் துளை அந்த ஆரஞ்சில் தகதகவென்று எரிகிறது. அதிலிருந்து சேவல்கள் வருகின்றன, கரும்பு லாரி வருகிறது, வில்லியனூர்த் தேர் வடத்தோடு உருண்டு வருகிறது. கீழே ஓரத்தில் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார். வரைந்து முடித்துவிட்டுத் தோள் குலுங்க நீங்கள் சிரித்தது கண்ணிலேயே நிற்கிறது. அண்ணன் மட்டும் அதை நின்று பார்த்ததில்லை. “அத உள்ள வைம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நீங்கள் போன மறுநாள் அவர் உங்கள் போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்தார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அவர்கள் துளையை அழித்தார்கள், பட்டுப்புடவை கட்டினார்கள், நீங்கள் ஆசைப்பட்டுக்கூடப் பார்க்காத காசுமாலையைப் போட்டார்கள். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் உடம்பில் உங்கள் தலை. ஒரு வருஷமாக அதற்குத்தான் விளக்கேற்றினோம். எனக்குத் தினமும் எரிச்சல். நீங்கள் பட்டதையும் படைத்ததையும் ஒரு ஸ்டுடியோக்காரர் துடைத்துவிட முடியுமா? நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காசுமாலைக்காரியைத்தான் நீங்கள் என்று நினைத்து வளர்ந்துவிட்டால்?

வழி செய்தது பாகூர் தேன்மொழி. ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க, அதான் கதிர்வீச்சுக்கு, காத்திருந்தபோது உங்களுக்குக் கிடைத்த தோழி. வெள்ளத்தில் கரும்பு அழுகிய வருஷத்திலிருந்து அவள் தண்ணீரைத்தான் வரைகிறாள். கட்டில், அடுப்பு, மாடு எல்லாம் அதில் மிதந்துகொண்டே மேளதாளத்தோடு ஊர்வலம் போகும். போன மாதம் டவுனில் நம் சுற்றுவட்டார ஓவியர்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. “அக்கா படம் வராம எம் படத்த மாட்ட மாட்டேன்” என்று கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் ஒப்பவில்லை. “அவ பட்ட கஷ்டத்த ஊரே வேடிக்க பாக்கணுமா?”

“கஷ்டமாண்ணா இது? நல்லா பாருங்க. உங்கள ஓடவுட்டு அக்கா சிரிக்குது” என்றாள் தேன்மொழி.

அவர் முதல்முறையாக அந்தப் பலகையை நின்று பார்த்தார். பிறகு வண்டியில் ஏற்றக் கை கொடுத்தார்.

கண்காட்சியின் கடைசி நாள் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் உங்கள் படத்தை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தார். “இன்னாபா இது, வாய மூடிக்கினே இந்தம்மா இன்னா சத்தம் போடுது!” என்றார்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “எம் பொண்டாட்டி சார். அப்படித்தான் கத்துவா.” அந்த மனிதரின் கையைப் பிடித்து, ஓரத்தில் ஓடுவது தான்தான் என்று காட்டினார். அந்தத் தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அண்ணி! நானும் தேன்மொழியும் அழுதோம், சிரித்தோம், இரண்டும்தான்.

நேற்று படையலுக்கு இலை போடும்போது அவர் ஸ்டுடியோ போட்டோவைக் கழற்றிவிட்டு, உங்கள் பலகையைத் தூக்கிவந்து வைத்தார். எங்கள் பெரியத்தை சும்மா விடுவாரா? “ஏம்பா, பூவும் பொட்டுமா போனவள ஓட்டையோடயா வச்சி கும்புடுவ?”

“அவளே வரைஞ்ச மூஞ்சி அத்த. இத வுட்டா வேற எது அவ மூஞ்சி?”

அத்தை மாலையை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் போட்டார். மாலை சரியாகக் கழுத்தில் வந்து விழுந்தது. துளை மறைந்துவிட்டது. அத்தைக்கு நிம்மதி, எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிப் பலகைக்குக் கீழே வளைத்து வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

உங்கள் மற்ற பலகைகளையும் தேன்மொழியும் நானும் ஊர் ஊராகக் கொண்டுபோகப்போகிறோம். மாலையோடு வருவார்கள், பொன்னாடையோடும் வருவார்கள். யார் வந்தாலும் அந்தக் கழுத்தை மூட விடமாட்டேன். சத்தியம்.

நீங்கள் பாட்டுக்குக் கத்துங்கள், அண்ணி.

உங்கள் வாயாடி நாத்தனார்,
மீனா